சட்டை பெரிதாக இருக்கலாம். ஹெல்மெட் பெரிதாக இருக்கலாமா?

"வளருகிற பிள்ளை! ஒரு அளவு பெரிதாகவே கொடுங்கள்!"

துணிக் கடையில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் இல்லை. பள்ளிக்கூடச் சட்டையைத் தொளதொள என்று வாங்குகிறோம். பாவாடையை நீளமாக வாங்கி, உள்ளே மடித்துத் தைக்கிறோம். வருஷம் போகப் போக மடிப்பைப் பிரித்து விடுகிறோம். செருப்பும் அப்படித்தான். முன்னால் ஒரு விரல் இடம் விட்டு வாங்குகிறோம்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. வருமானம் கொஞ்சம். பிள்ளை வளருவதோ வேகம். சிக்கனம் தெரிந்த தாயார் இப்படித்தான் செய்வாள்.

ஆனால், அதே பேச்சை விளையாட்டுச் சாமான் கடையிலும் பேசுகிறோம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது!

பையன் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். ஹெல்மெட் வேண்டும் என்கிறான். கடைக்காரர் தலைக்குச் சரியான ஹெல்மெட்டை எடுத்து வைக்கிறார். "இது இந்த வருஷத்தோடு சரி. பெரிதாகக் கொடுங்கள்" என்கிறோம். பையன் பெரியதை மாட்டுகிறான். அது கண்ணை மறைக்கிறது. "போகப் போகச் சரியாகி விடும்" என்று சொல்லி, பணத்தைக் கொடுத்து விட்டு வந்து விடுகிறோம்.

பெரிய சட்டை போட்டால் பார்க்க நன்றாக இருக்காது. அவ்வளவுதான். பெரிய ஹெல்மெட் போட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

தலை எவ்வளவு வளரும்?

"பிள்ளை வளருகிறான். அதற்கு என்ன செய்வது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லுகிறேன்.

பிள்ளையின் கால் வளருகிறது. கை வளருகிறது. உயரம் வளருகிறது. ஆனால், தலை அப்படி வளருவது இல்லை!

கைக்குழந்தையைப் பாருங்கள். உடம்பு சின்னதாக இருக்கும். தலை மட்டும் பெரிதாகத் தெரியும். ஏன்? மூளை முதலில் வளருகிறது. அதைச் சுற்றி மண்டை ஓடும் முதலிலேயே வளர்ந்து விடுகிறது.

ஐந்து வயதுப் பிள்ளையின் தலையைச் சுற்றி நூல் வைத்து அளந்தால், ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் இருக்கும். நன்றாக வளர்ந்த மனிதனின் தலையை அளந்தால், ஏறக்குறைய 55 அல்லது 56 சென்டிமீட்டர் இருக்கும். வித்தியாசம் எவ்வளவு? ஐந்தாறு சென்டிமீட்டர்தான்! அதாவது, ஐந்து வயதிலேயே தலை பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்து விடுகிறது.

உயரத்தைப் பாருங்கள். ஐந்து வயதில் மூன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற பையன், பதினாறு வயதில் ஐந்தரை அடி ஆகி விடுகிறான். சட்டை சிறிதாகி விடுகிறது. செருப்பு சிறிதாகி விடுகிறது. ஆனால், தலைக்குச் சரியாக வாங்கிய ஹெல்மெட் ஒரே வருஷத்தில் சிறிதாகி விடாது.

இன்னொன்று. இப்போது வரும் ஹெல்மெட் பலவற்றில், பின்புறம் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் கொஞ்சம் இறுகும், கொஞ்சம் தளரும். பிள்ளையின் தலை வளருவதற்கு அந்த இடம் போதும்.

ஆகவே, சரியான அளவு வாங்கினால் காசு நஷ்டம் என்பது தப்புக் கணக்கு. பெரிதாக வாங்கினால்தான் நஷ்டம். எத்தனை வருஷம் வைத்திருந்தாலும், அது தலையைக் காப்பாற்றாது.

தலைப்பாகை தலையில் இருக்க வேண்டும்

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். அருமையான பேச்சு. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். தலைப்பாகை தலையில் நிற்க வேண்டும். அப்போதுதான் தலைக்கு வந்தது அதோடு போகும்!

ஹெல்மெட் எப்படித் தலையைக் காப்பாற்றுகிறது?

வெளியே கெட்டியான ஓடு இருக்கிறது. பந்து அதன் மேல் பட்டதும், அடி ஒரே இடத்தில் இறங்காமல் பரவுகிறது. உள்ளே மெத்தை போன்ற பொருள் இருக்கிறது. அது நசுங்கி, அடியின் வேகத்தை வாங்கிக் கொள்கிறது. மண்டைக்குப் போவது மிச்சம் உள்ள வேகம்தான்.

தலைக்கும் மெத்தைக்கும் நடுவே காலி இடம் இருந்தால் என்ன ஆகும்? பந்து பட்டதும் ஹெல்மெட் முதலில் நகருகிறது. பிறகு அதுவே தலையில் போய் மோதுகிறது. அல்லது, சுழன்று ஒரு பக்கம் போய் விடுகிறது. காது திறந்து கொள்கிறது. பின் மண்டை திறந்து கொள்கிறது. சில சமயம் ஹெல்மெட் முன்னால் இறங்கிக் கண்ணை மறைக்கிறது. வருகிற பந்தே தெரிவது இல்லை!

கிரிக்கெட் பந்து ஏறக்குறைய 160 கிராம் எடை உள்ளது. 13 வயதுக்கு உட்பட்ட பையன்களின் பந்து கொஞ்சம் சிறிது. அதுவே 133 கிராமுக்குக் குறையாது. மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் ஒருவன் வீசினால், பந்து முக்கால் வினாடிக்குள் மட்டைக்காரனிடம் வந்து விடும். அந்த நேரத்தில் ஹெல்மெட்டைச் சரி செய்து கொள்ள முடியுமா?

பெரிய ஆட்டக்காரர்களுக்கே நடந்தது

1962-ம் ஆண்டில் இந்திய அணியின் தலைவர் நரி காண்டிராக்டர். மேற்கு இந்தியத் தீவுகளில் பார்படாசில் ஆடினார். சார்லி கிரிபித் வீசிய பந்து அவருடைய தலையில் பட்டது. மண்டை ஓடு உடைந்தது. ஆபரேஷன் செய்தார்கள். எதிர் அணியின் தலைவர் பிராங்க் வொரல் ரத்தம் கொடுத்தார். காண்டிராக்டர் உயிர் பிழைத்தார். ஆனால், மறுபடியும் டெஸ்ட் ஆட்டம் ஆடவில்லை. அந்தக் காலத்தில் ஹெல்மெட் கிடையாது.

1977-ம் ஆண்டில் இங்கிலாந்து ஆட்டக்காரர் டென்னிஸ் ஆமிஸ், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போன்ற ஒன்றைப் போட்டுக் கொண்டு ஆஸ்திரேலியாவில் ஆடினார். 1978-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கிரகாம் யாலப், டெஸ்ட் ஆட்டத்தில் ஹெல்மெட் போட்டார். முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் போட்டார்கள்.

1998-ம் ஆண்டில் நம் நாட்டு ஆட்டக்காரர் ராமன் லம்பா, டாக்காவில் ஒரு ஆட்டத்தில் மட்டைக்காரனுக்கு மிக அருகில் நின்றார். இன்னும் சில பந்துகள்தானே என்று ஹெல்மெட் போடவில்லை. அடித்த பந்து அவர் தலையில் பட்டது. மூன்றாம் நாள் இறந்து விட்டார். வயது 38.

2014-ம் ஆண்டு நவம்பர் மாதம். சிட்னி மைதானம். ஆஸ்திரேலியாவின் பிலிப் ஹியூஸ் ஹெல்மெட் போட்டுத்தான் ஆடினார். பந்து, ஹெல்மெட் மூடாத கழுத்துப் பக்கத்தில் பட்டது. இரண்டு நாள் கழித்து இறந்து விட்டார். அவருக்கு வயது 25. உலகமே அழுதது. அதற்குப் பிறகுதான், ஹெல்மெட்டின் பின்னால் மாட்டும் கழுத்துக் காப்பு பரவியது. 2023-ம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியம் அதைக் கட்டாயம் ஆக்கியது.

இதில் இருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது என்ன? ஹெல்மெட் எந்த இடத்தை மூடுகிறதோ, அந்த இடத்தைத்தான் காப்பாற்றும். ஆகவே, மூட வேண்டிய இடத்தை அது விடாமல் மூட வேண்டும். சாய்ந்து கிடக்கும் ஹெல்மெட் அதைச் செய்யாது.

வீட்டிலேயே அளக்கலாம்

கடைக்குப் போகும் முன்பு, பிள்ளையின் தலையை அளந்து கொள்ளுங்கள். தையல்காரரின் நாடா இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு நூல் போதும். புருவத்துக்கு மேலே ஏறக்குறைய ஒரு அங்குலம் விட்டு, நூலை வையுங்கள். இரண்டு காதுக்கும் மேலே கொண்டு போங்கள். பின் மண்டை எங்கே அதிகமாகப் புடைத்து இருக்கிறதோ, அதன் மேல் சுற்றுங்கள். பிறகு நூலை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். எத்தனை சென்டிமீட்டர் என்று காகிதத்தில் எழுதிக் கொள்ளுங்கள். ஹெல்மெட்டின் உள்ளேயோ, அட்டைப் பெட்டியின் மேலேயோ அளவு போட்டிருக்கும். இரண்டும் ஒத்துப் போக வேண்டும். வயதைச் சொல்லி வாங்காதீர்கள். அளவைச் சொல்லி வாங்குங்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் இருவருக்கு ஒரே தலை இருப்பது இல்லை.

பிள்ளையையும் கூட்டிக் கொண்டு போங்கள். பிள்ளை இல்லாமல் ஹெல்மெட் வாங்காதீர்கள்.

கடையில் ஐந்து சோதனை

ஒன்று: ஹெல்மெட்டை மாட்டுங்கள். முன் விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே, நேராக நிற்க வேண்டும். நெற்றி முழுவதும் தெரிந்தால் தவறு. கண்ணை மறைத்தாலும் தவறு.

இரண்டு: தாடைப் பட்டையைப் போடும் முன்பு, தலையை இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட்டும் தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். தலை ஒரு பக்கமும் ஹெல்மெட் ஒரு பக்கமும் போனால், அது பெரிது.

மூன்று: ஹெல்மெட்டைக் கையால் பிடித்து மெதுவாக அசையுங்கள். நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் வழுக்கினால், வேறு அளவு கேளுங்கள்.

நான்கு: தாடைப் பட்டையைப் போடுங்கள். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம். இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. பிறகு, பின்னால் இருந்து ஹெல்மெட்டை முன்பக்கம் தள்ளிப் பாருங்கள். கழன்று வரக் கூடாது.

ஐந்து: பத்து நிமிஷம் மாட்டியபடியே இருக்கச் சொல்லுங்கள். கழற்றிய பிறகு நெற்றியைப் பாருங்கள். லேசான அடையாளம் இருக்கலாம். ஒரே இடத்தில் சிவந்து வலித்தால், அந்த ஹெல்மெட் அந்தத் தலைக்குச் சேராது. வேறு மாதிரியைப் பாருங்கள். இறுக்கமான ஹெல்மெட்டும் கூடாது. வலி தாங்காமல் பிள்ளை அதைக் கழற்றி வைத்து விடுவான்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் நம் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றது. இன்று எத்தனையோ வீட்டுப் பெண் பிள்ளைகள் மட்டை பிடிக்கிறார்கள். மகிழ்ச்சி! ஹெல்மெட் வாங்கப் போகும்போது, ஆடும்போது எப்படித் தலை பின்னுவாளோ, அப்படியே பின்னிக் கூட்டிப் போங்கள். உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் தூக்கிக் கொண்டு நிற்கும். தாழ்வாகப் பின்னுவதே நல்லது. பையனாக இருந்தாலும், உள்ளே தொப்பி போட்டு அதன் மேல் ஹெல்மெட் மாட்டக் கூடாது.

முகக் கம்பியைப் பாருங்கள்

கிரிக்கெட் ஹெல்மெட்டின் முன்னால் கம்பி இருக்கிறது. கிரில் என்று சொல்லுகிறார்கள். முன் விளிம்புக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் பிள்ளை பந்தைப் பார்க்கிறான். அந்த வழியாகப் பந்து நுழைந்தால்? கண் போகும், மூக்கு உடையும்.

சில பிள்ளைகள், "நன்றாகத் தெரியவில்லை" என்று கம்பியைக் கீழே இறக்கி விடுகிறார்கள். இது கூடாது. செய்தவர்கள் வைத்த இடத்திலேயே கம்பி இருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது. பெரியவர்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர். 13 வயதுக்கு உட்பட்டவர்களின் பந்து 20.5 முதல் 22 சென்டிமீட்டர். அதாவது, பிள்ளைகளின் பந்து சிறியது. பெரியவர்களின் ஹெல்மெட்டில் பெரிய பந்து நுழையாது. ஆனால், சிறிய பந்து நுழைந்து விடலாம்! அப்பாவின் ஹெல்மெட்டை மகனுக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பி.எஸ். 7928:2013 என்று ஒரு தர முத்திரை இருக்கிறது. கம்பி இடைவெளியில் பந்து நுழைகிறதா என்று சோதித்துப் பார்த்துக் கொடுக்கும் முத்திரை அது. பெரிய பந்துக்கும் சிறிய பந்துக்கும் தனித் தனியே சோதனை உண்டு. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைக் கடைக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பந்துக்குச் சோதித்ததா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கும், சக்கரக் காலணி கட்டி ஓடும் பிள்ளைக்கும் வேறு ஹெல்மெட் இருக்கிறது. அளவு பார்க்கும் முறை பெரும்பாலும் இதேதான். சைக்கிள் ஹெல்மெட்டில், புருவத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால், ஒன்றை வாங்கி எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். சைக்கிள் ஹெல்மெட் கிரிக்கெட் பந்தைத் தாங்காது.

ஊருக்கு ஒரு ஹெல்மெட்டா?

இப்போது பள்ளிக்கூடத்துக்கும் பயிற்சி முகாம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை.

பல இடங்களில் ஒரே மூட்டையில் இரண்டு ஹெல்மெட் கிடக்கின்றன. இருபது பிள்ளைகள் மாற்றி மாற்றி மாட்டுகிறார்கள். அவுட் ஆனவன் கழற்றிக் கொடுக்கிறான். அடுத்தவன் மாட்டிக் கொண்டு ஓடுகிறான். ஒன்பது வயதுப் பையனுக்கும் அதுதான். பதினைந்து வயதுப் பையனுக்கும் அதுதான். தாடைப் பட்டை அறுந்து போய், முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். உள்ளே மெத்தை பிய்ந்து போயிருக்கும்.

எல்லோராலும் சொந்தமாக வாங்க முடியாது. அது உண்மை. ஏழைப் பிள்ளையும் கிரிக்கெட் ஆட வேண்டும். அதுவும் உண்மை. அதற்காகத்தான் சொல்லுகிறேன். ஹெல்மெட்டைப் பொதுவாக வைத்துக் கொள்ளுங்கள். ஆனால், சின்ன அளவு, நடு அளவு, பெரிய அளவு என்று மூன்று விதமாக வையுங்கள். எந்தப் பையனுக்கு எது என்று நோட்டில் எழுதி வையுங்கள். மட்டை பிடிக்கப் போகும் முன்பு, பயிற்சி தருகிறவர் பட்டையைத் தொட்டுப் பார்த்து அனுப்பட்டும். இதற்கு அரை நிமிஷம் கூட ஆகாது.

இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்று 2000-ம் ஆண்டிலேயே சொல்லி விட்டது. சர்வதேச ஆட்டங்களில் வேகப் பந்தை எதிர்த்து ஆடுகிறவர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்பது 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் கட்டாயம் ஆயிற்று. வயது வந்த வீரர்களுக்கே அப்படி! நம் பள்ளிக்கூடங்களில், "பொருந்தாத ஹெல்மெட் போட்ட பிள்ளைக்கு மட்டை கிடையாது" என்று சட்டம் வைத்தால் என்ன?

அடி பட்டால்?

ஹெல்மெட்டில் பலமான அடி பட்டால், அந்த ஹெல்மெட்டை மாற்றி விடுங்கள். வெளியே கீறல் கூடத் தெரியாமல் இருக்கலாம். உள்ளே மெத்தை நசுங்கி இருக்கும். நசுங்கியது மறுபடியும் காப்பாற்றாது. அண்ணன் போட்டதைத் தம்பிக்குக் கொடுப்பதாக இருந்தால், அது அடி பட்டதா என்று முதலில் கேளுங்கள்.

பிள்ளையையும் கவனியுங்கள். எவ்வளவு நல்ல ஹெல்மெட் ஆனாலும், மூளை அதிர்ச்சியை முழுவதும் தடுக்காது. தலைவலி, மயக்கம், வாந்தி, கண் மங்கல், கேட்டதற்கு மாற்றிப் பதில் சொல்வது, தூங்கித் தூங்கி விழுவது – இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள். நினைவு தப்பினாலும், வலிப்பு வந்தாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

"ஆம்பிளைப் பிள்ளை! இதற்கெல்லாம் பயப்படலாமா? எழுந்து ஆடு!" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். 2020-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவர் பந்து வீச இறங்கவில்லை. அவருக்குப் பதிலாக சாகல் இறங்கினார். 2019-ம் ஆண்டில் இருந்து விதியே அப்படி இருக்கிறது. ஜடேஜா பயந்தவரா? இல்லை. தலையின் அருமை தெரிந்தவர்கள் வைத்த விதி அது.

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம். கை உடைந்தால் கட்டுப் போடலாம். கால் உடைந்தாலும் கட்டுப் போடலாம். மூளைக்குக் கட்டுப் போட முடியாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை வீட்டில்தான் இருப்பான். அவனுடைய ஹெல்மெட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். மாட்டச் சொல்லுங்கள். தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் அசையாமல் இருந்தால், சந்தோஷமாக மைதானத்துக்கு அனுப்புங்கள். அசைந்தால், முதலில் திருகையும் பட்டையையும் இறுக்கிப் பாருங்கள். அப்படியும் அசைந்தால், இன்றைக்கு மட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை கொஞ்சம் அழுவான். அழட்டும்! சரியான ஹெல்மெட் வாங்கிய பிறகு, ஆயிரம் ஓட்டம் எடுக்கட்டும்.